மொன்றியல் பேஸ் பிரியர்களுக்கு

மொன்றியலில் காதுக்குள் பேஸோடு திரியும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

கலியாண மண்டபங்களிலும் சாமத்திய வீடுகளிலும் சவுண்ட் போடுகிறவன் நான். மிக்சருக்குப் பின்னால் நிற்கும் என்னிடம் நீங்கள் வந்து கேட்பது அநேகமாக இரண்டு விஷயம். ஒன்று, "அண்ணா, பேஸைக் கொஞ்சம் கூட்டுங்கோ." மற்றது, "ஐம்பது டொலருக்குள்ள நல்ல பேஸோட ஒரு இயர்போன் சொல்லுங்கோ." முதலாவதை நின்ற இடத்திலேயே செய்துவிடலாம், மண்டபக்காரர் முறைக்கும்வரை. இரண்டாவதற்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டால் நீங்கள் ஏமாந்து போவீர்கள். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு மனக்குறையைத் தீர்த்துவிடுவோம். பேஸ் விரும்புகிறவர்களுக்கு ரசனை போதாது, நல்ல காது உள்ளவர் பாட்டைத் தட்டையாகத்தான் கேட்பார் என்றொரு கதை ஹெட்போன்காரர் நடுவே நெடுநாளாக ஓடுகிறது. அதை ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்தவர் ஷோன் ஒலிவ். நம் ஊர் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவுத் துறையில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றவர். ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிச் சபையில் இருந்துவிட்டு, ஜேபிஎல், ஏகேஜி போன்ற பெயர்களை வைத்திருக்கும் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவரும் கூட்டாளிகளும் ஆட்களை உட்காரவைத்து, என்ன ஹெட்போன், என்ன விலை என்று காட்டாமலே கேட்கவைத்துப் புள்ளி போடச் சொன்னார்கள். பெரும்பாலானோருக்குப் பிடித்த ஒலியை வரைந்து எடுத்ததுதான் இன்று எல்லா விமர்சகரும் வாய்க்கு வாய் சொல்லும் ஹார்மன் கோடு.

அவர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டவர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள். 64 சதவீதத்தினருக்கு அந்தக் கோடு சரி. 15 சதவீதத்தினர் பேஸ் இன்னும் வேண்டும் என்றார்கள். இவர்களில் பெரும்பாலானோர் இளவயது ஆண்கள். மிச்ச 21 சதவீதத்தினர் குறைக்கச் சொன்னார்கள். இதில் பெண்களும் ஐம்பது வயது தாண்டியவர்களும் அதிகம். காருக்குள் நீங்கள் கூட்டுவதும் அம்மா குறைப்பதுமாக நடக்கும் சண்டை ஆய்வுக்கூடத்திலும் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 64 சதவீதத்தினர் விரும்பிய கோடே தட்டையானதல்ல, அடியில் தூக்கலாக இருக்கிறது. காதுக்குள் செருகும் வகைக்கு வரைந்த கோட்டில் இன்னும் தூக்கல்.

விலையைப் பற்றி 2017 இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் எழுதியதும் கையில் வைத்திருக்க வேண்டியது. 283 ஹெட்போன்களின் ஒலி அளவீட்டையும் கடை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை. முந்நூறு டொலர் பெட்டியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் அதை விட்டுவிடலாம். கூடக் கொடுத்தால் கூடு வடிவாக இருக்கும், வயர் நல்லதாக இருக்கும். பேஸ் ஆழமாக இறங்கும் என்று எவரும் உறுதி தர முடியாது.

சரி, பேஸ் என்று நாம் எதைச் சொல்கிறோம்? மனிதக் காது 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 20 இலிருந்து 60 வரை அடி ஆழம். 60 இலிருந்து 250 வரை நடு பேஸ். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்திக் கிட்டாரில் 31. ராப் பாட்டுகளில் நீளமாக இழுபடும் அந்த 808 அடியும், 1980 இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 மெஷினின் வாரிசு, இந்த அடி ஆழத்தில்தான் உயிர் வாழ்கிறது. பெட்டியில் எக்ஸ்ட்ரா பேஸ் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பெரிதாக எழுதியிருக்கும் மலிவு இயர்போன்கள் பலவற்றில் தூக்கிவிட்டிருப்பது நடு பேஸை. கடையில் பத்து விநாடி கேட்டால் அபாரம். வீட்டுக்கு வந்து இளையராஜாவின் எண்பதுகளைப் போட்டால் விஷயம் வெளிக்கும். அவருடைய குழுவில் சசிதரன் வாசித்த பேஸ் கிட்டார் ஒரு இடத்தில் நிற்காது. பாடகருக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டு போய்க்கொண்டிருக்கும். நடு பேஸ் வீங்கிய இயர்போனில் அந்த ஸ்வரம் எல்லாம் ஒன்றாகிப் பொம், பொம், பொம் என்று கிடக்கும். ஆழம் உள்ளதில் ஒவ்வொன்றும் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். பேஸ் பிரியர் என்று சொல்லிக்கொள்கிறவர் இரண்டாவதைத்தான் தேட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. நீங்கள் "பேஸே இல்லை" என்று திருப்பிக் கொடுக்கப் பார்க்கும் இயர்போன்களில் பெரும்பாலானவற்றில் பேஸ் இருக்கிறது. உங்கள் காதில்தான் அது தங்கவில்லை.

காதுக்குள் செருகும் இயர்போன் வேலை செய்வது ஸ்பீக்கர் மாதிரி அல்ல. மண்டபத்தில் நான் வைக்கும் 18 அங்குல சப்வூஃபர் ஒரு பெரிய அறைக் காற்றைத் தள்ள வேண்டும். இயர்போனுக்குள் அதிரும் 10 மில்லிமீட்டர் தகடு தள்ள வேண்டியது நுனி ரப்பருக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்ட ஏறக்குறைய ஒரு மில்லிலீட்டர் காற்றை. அந்தக் காற்று முழுதாக அடைபட்டிருந்தால் 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் அழுத்தம் குறையாமல் நிற்கும். ஒரு ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் வெளியேறுவது அடி ஆழம்தான். குரலும் சிம்பலும் அப்படியே இருக்கும், பேஸ் மட்டும் காணாமல் போகும். ஓட்டை ட்யூபுக்குக் காற்றடிப்பது போலத்தான், அதற்கு மேல் எத்தனை டொலர் செலவழித்தாலும்.

அதனால் பெட்டியைத் திறந்ததும் ஏற்கெனவே பூட்டியிருக்கும் நடு அளவு ரப்பரோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். சின்னது, நடு, பெரிது என்று மூன்றும் உள்ளே பொலித்தீன் பையில் கிடக்கும். பலர் அதைப் பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள். பெரியதில் தொடங்கிக் கீழே வாருங்கள். வலக்காதும் இடக்காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பக்கம் நடு, மறு பக்கம் பெரிது என்று போடுகிறவர்கள் நிறையப் பேர். போடும் முறையும் உண்டு. வலக்காதுக்கு என்றால் இடக்கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் நேராகும். ரப்பரை மட்டாக நனைத்து உள்ளே விட்டு, ஒரு சின்னத் திருப்புத் திருப்பி, பிறகு மடலை விடுங்கள். உள்ளே போகும்போது கிறுக் என்று மெல்லிய சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், தகடு காற்றழுத்தத்தில் வளைந்து நிமிரும் சத்தம் அது.

அடைபட்டதா என்று பார்க்க மூன்று வழி சொல்கிறேன். பாட்டுப் போடாமல் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். குரல் தலைக்குள்ளே கனமாக முழங்க வேண்டும். அடுத்தது, 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை இணையத்தில் தேடி மெதுவான சத்தத்தில் ஓடவிட்டு, விரலால் இயர்போனை லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் குபீரென்று கூடினால் அழுத்தாதபோது ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது நம் ஊருக்கு மட்டுமே உரியது. பழைய எம்ஆர்-73 மெற்றோ வண்டி நிலையத்தை விட்டு வெளிக்கிடும்போது மோட்டார் பாடும் மூன்று ஸ்வரம் உங்களுக்கு மனப்பாடம். ஆரன் கோப்லண்ட் என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு புகழ்பெற்ற இசைத்துண்டின் தொடக்கமும் அதே மூன்றுதான் என்று இங்கே எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். பாட்டை நிறுத்தி வைத்துவிட்டு அந்த மூன்றைக் கேளுங்கள். இயர்போனே போடாத மாதிரி தெளிவாக விழுந்தால் ரப்பர் சின்னது.

எந்த அளவும் சரிவராதவர்களுக்கு மெமரி ஃபோம் ரப்பர் தனியாக விற்கிறார்கள். விரலுக்கிடையில் உருட்டிச் சுருக்கி, உள்ளே விட்டு, அரை நிமிடம் பிடித்துக்கொண்டால் விரிந்து அடைத்துவிடும். சிலிக்கனைவிட வெளிச்சத்தத்தையும் கூட மறைக்கும். சில மாதத்தில் அழுக்கேறி இறுகிவிடும் என்பதால் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும், அதுதான் குறை. சனவரியில் இன்னொன்று: வெளியே -20 என்றால் ஃபோம் கல்லாகிவிடும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிப் போடுங்கள்.

மெற்றோவுக்கு வருவோம். மொன்றியல் மெற்றோ 1966 ஒக்டோபரில் திறந்த நாளிலிருந்து முழுக்க நிலத்துக்கடியில்தான் ஓடுகிறது, அதுவும் ரப்பர் சில்லில். இரும்புச் சில்லின் கிறீச்சொலி இல்லை என்றாலும் சுரங்கத்துக்குள் வண்டி உறுமும் உறுமல் தாழ்ந்த ஒலி. தாழ்ந்த ஒலி முதலில் விழுங்குவது தாழ்ந்த ஒலியைத்தான். கட்டிலில் கிடந்து கேட்டபோது வயிறு குலுங்கிய பாட்டில் பார்க் நிலையத்துக்கும் அகடிக்கும் இடையில் பேஸ் காணாமல் போவதன் காரணம் இதுதான். உடனே கை சத்தத்தைக் கூட்டப் போகும். கூட்டினால் பேஸ் மட்டுமா கூடும்? பாடகரின் குரலும் ஹைஹாட்டும் சேர்ந்தே ஏறும். காதைக் கெடுப்பது பெரும்பாலும் அவைதான். நீங்கள் ஆசைப்பட்டதோ அடியில் இருப்பது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83 இல் 20 மணித்தியாலம், 86 இல் 10, 89 இல் 5. கோட்-டே-நேஜில் இருந்து டவுன்டவுன் வேலைக்குப் போய்வந்து, நடுவில் ஜிம்முக்கும் போகிறவருக்கு அந்த ஐந்து மணித்தியாலம் புதன்கிழமையோடு முடிந்துவிடும். வடிவாக அடைத்த ரப்பர் வெளியே இருந்து வரும் உறுமலைக் குறைத்து, உள்ளே இருக்கும் ஆழத்தைத் தக்கவைத்து, இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அதற்கு மேலும் வேண்டும் என்றால் சத்தத்தைத் தொடாமல் ஈக்வலைசரைத் தொடுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் கூட்டி, மொத்தச் சத்தத்தை அதே 4 டெசிபல் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேஸ் உடைந்து கரகரக்கும். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலி இதற்கு நன்றாகவே போதும். 1933 இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் காட்டிய விஷயம் ஒன்று உண்டு: சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பேஸ் மற்றதைவிட வேகமாக மங்கும். ஆகவே மெதுவாகக் கேட்கிறவர் பேஸைக் கொஞ்சம் கூட்டி வைப்பதில் தப்பே இல்லை.

மண்டபத்தில் கிடைப்பது காதுக்குள் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: கிடைக்காது. 2022 இல் வெளியான ஆய்வொன்றுக்காக ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர் ஒரு எலெக்ட்ரோனிக் இசை நிகழ்ச்சியில் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த ஒலி போடும் ஸ்பீக்கர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். அவை போட்டிருந்த நேரத்தில் சனம் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதலாக ஆடியது. அதை உடம்பு வாங்குகிறது, தோலும் நெஞ்சும் வாங்குகிறது. இயர்போனால் நெஞ்சைத் தொட முடியாது. நெஞ்சில் அடிக்கும்வரை கூட்டுவேன் என்று முயல்கிறவர் காதைத்தான் விலையாகக் கொடுப்பார். நெஞ்சுக்கு வேண்டுமென்றால் கோடையில் ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ராயலின் அடிவாரத்தில் டம்டம் அடிக்கிற கூட்டத்துக்குள் போய் நில்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

சரி, மொடல். 25 அமெரிக்க டொலர் அளவில் வந்த 7ஹெர்ட்ஸ் ஸீரோ 2, சிங்கப்பூர் விமர்சகர் கிரினக்கிள் கூட இருந்து திருத்திக் கொடுத்தது. ஒற்றைத் தகடு, அடி ஆழம் தூக்கலாக, குரல் மூடுபடாமல். இதை வாங்கிவிட்டு மிச்சக் காசில் ரப்பர் வாங்குங்கள் என்பதுதான் பலருக்கும் என் பதில். 55 வரை போகக்கூடியவர்களுக்கு ட்ரூத்இயர் ஸீரோ ரெட். இரண்டு தகடு, பேஸுக்கென்று ஒன்று தனியாக. பெட்டியிலேயே 10 ஓம் அடாப்டர் ஒன்றும் வரும், அதைப் பூட்டினால் பேஸ் இன்னும் ஏறும். ஆனால் காதுக்குள் போகும் அதன் மூக்கு தடிப்பு. சின்னக் காதுக்காரர், முக்கியமாகத் தங்கச்சிமார், போட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். 20 டொலருக்கு மேல் ஒரு சதமும் இல்லை என்பவருக்கு மூண்ட்ரொப் சூ 2 நல்ல சாமான், ஆனால் அது நான் சொல்லும் அந்த 15 சதவீதத்தினருக்கானது அல்ல. சென்னையில் இருந்து யாராவது கொண்டுவரும் போட் பேஸ்ஹெட்ஸ் சும்மா கிடைத்தால் சந்தோஷமாகப் போடுங்கள், ரப்பரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஃபோனில் வயர் செருக ஓட்டை இல்லை என்பீர்கள். ஐஃபோன் 2016 இலேயே அதை மூடிவிட்டது, மற்றவர்களும் பின்னால் போனார்கள். யூஎஸ்பி-சி அடாப்டர் பத்துப் பதினைந்து டொலருக்குள் கிடைக்கும். அப்பிளின் சின்ன வெள்ளை அடாப்டர் அளவீட்டில் பெரிய பெட்டிகளுக்குச் சவால் விடுவது; ஆண்ட்ராய்டு சிலவற்றில் மட்டும் சத்தம் குறைவாக வரும். வயர்லெஸ்தான் வேண்டும் என்றால் இரைச்சல் நீக்கும் வகையாகப் பாருங்கள். அந்தத் தொழில்நுட்பம் நன்றாக வேலை செய்வதே தாழ்ந்த ஒலியில், மெற்றோவின் உறுமலுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஆனால் இயர்போனுக்குள் இருக்கும் சின்ன பற்றரி நம் குளிரில் சுருங்கும், சில வருடத்தில் தேயும். வயருக்கு அந்தக் கவலை இல்லை, சால்வைக்குள் சிக்குவதைத் தவிர. இரண்டுக்கும் பொதுவான ஒரு தொல்லை: குளிரில் நடந்துவிட்டுச் சூடான நிலையத்துக்குள் இறங்கியதும் மூக்கின் சல்லடையில் ஈரம் பிடித்து ஒரு பக்கம் சத்தம் குறையும். பழுதென்று எறியாதீர்கள். ரப்பரைக் கழற்றிக் காயவிட்டால் அநேகமாகத் திரும்பி வரும்.

வாங்கும்போது இரண்டு வரியும் சேர்த்து 14.975 சதவீதம் கூடும் என்பதை மனதில் வையுங்கள். திறந்த இயர்போனைப் பல கடைகள் சுகாதாரக் காரணம் சொல்லித் திரும்ப எடுக்காது. மனம் மாறியதற்காகத் திரும்ப எடுக்கச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. முதலிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆனால் பழுதாகிப் போனால் கதை வேறு. கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கிய பொருள் நியாயமான காலம் உழைத்தாக வேண்டும், கம்பனி உத்தரவாதம் முடிந்துவிட்டது என்பது கடைக்காரரின் கடைசி வார்த்தை அல்ல. காசு கட்டி உத்தரவாதத்தை நீட்டச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

கேட்டுப் பார்க்க என்ன போடுவது? நம் ஊர்க்காரர் கேட்ரனாடாவின் 99.9% தொகுப்பு, 2016 இல் போலாரிஸ் பரிசு வாங்கியது. பேஸும் கிக்கும் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கின்றனவா என்று அதில் தெரியும். மாயா அருட்பிரகாசத்தின் 2007 தொகுப்பு காலா, சென்னையில் உறுமிக்காரரை வைத்துப் பதிந்த துண்டுகள் உள்ளது. உறுமியின் உரசல் இழுப்பு கீழே இறங்கி இறங்கிப் போகும். மோசமான இயர்போனில் ஒரு இடத்தில் திடீரென்று அறுந்துவிடும். ரொறொன்ரோவில் யாஞ்சனும் ஷான் வின்சென்ட் டி போலும் மிருதங்கத்தோடு செய்த ராப்பைப் போட்டு, தொப்பிப் பக்கத்தின் கும் என்ற ஒலி ராப்காரரின் வாயை மூடுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, குரலுக்காக ஒன்று: லெனார்ட் கோஹன், இறப்பதற்குச் சில வாரம் முன்பு வெளியான தொகுப்பு. அந்தக் கிழக்குரல் உங்கள் இயர்போனில் பானைக்குள் இருந்து வருவது போல் இருந்தால் நடு பேஸ் வீங்கிவிட்டது என்று அர்த்தம். இவற்றைவிட நம்பகமான அளவுகோல் டொலார்-தே-ஓர்மோ திருமுருகன் கோயிலில் இருக்கிறது. தவில்காரருக்குப் பத்தடி தள்ளி நின்று, கழி விழும் தொப்பிப் பக்கத்தை மட்டும் ஒரு தனியாவர்த்தனம் முழுக்கக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு தவில் பதிவைப் போடுங்கள். கனம் குறையும், சரி. தோலின் இழுவை தெரிகிறதா?

இவ்வளவும் இருந்து கேட்கும்போதும் மெற்றோவில் போகும்போதும். நடக்கும்போது வேறு. பனிக்காலத்தில் நடைபாதை வழிக்கும் சின்னக் கலப்பை வண்டி பின்னால் வரும்போது, நான் சொன்னபடி வடிவாக அடைத்த காதுக்கு அது கேட்காது. ஓட்டுகிறவர் உங்களைக் காண்பார் என்று நம்பி நடக்காதீர்கள். சைக்கிளிலும் காரிலும் இரண்டு காதிலும் போட்டு ஓட்டுவது கியூபெக்கில் சட்டத்துக்கே எதிர். தெருவில் ஒரு பக்கத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வையுங்கள், மெற்றோப் படியால் இறங்கிய பிறகு திரும்பப் போடலாம், மடலை மேலே இழுத்து.

அன்புடன்,
சவுண்ட் போடும் அண்ணன்